நான் கல்லைத் தொட்டுட்டேன்!

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர். உங்கள் வீடு கொஞ்சம் பழைய வீடாக இருந்தால், மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று ஒரு ஃப்யூஸ் கேரியர் இருக்கும் பாருங்கள்... அது எங்கள் ஊர்ச் சூளையில் வெந்து வந்ததாக இருக்கலாம். கொலு பொம்மை வாங்குகிறவர்களுக்கும் எங்கள் ஊரைத் தெரியும்.

நான் இங்கே ஒரு சின்ன பீங்கான் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறேன். என் மேஜைக்கும் சூளைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஃப்யூஸ் கேரியர் வேகும். இந்தப் பக்கம் நான் வேகுவேன். ஐஸ் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் கடையில் சாக்குப் பையில் சுற்றி, கட்டையால் அடித்து உடைப்பார்களே, அதுதான்.

அப்பேர்ப்பட்ட நான், 2025 டிசம்பரில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, கனடாவில் ஐஸ் தரையில் கல்லைத் தள்ளுகிறவர்களைப் பார்த்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். காரணம், என் தம்பி. இன்னும் சரியாகச் சொன்னால், என் வாய்.

தம்பிக்கு வயது 26. மூன்றாவது தடவையாக அரசாங்கப் பரீட்சை எழுதியிருந்தான். ரிசல்ட் வந்தது. கட்-ஆஃபுக்கு இரண்டே இரண்டு கேள்வி குறைச்சல். அதே நாளில் எங்கள் கம்பெனியில் ஒரு லோடு முழுக்க விரிசல் விட்டு ரிஜெக்ட். முதலாளி என் மேல் எரிந்து விழுந்தார். (விரிசலுக்கும் கணக்கெழுதுகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நானே கேட்கவில்லை.) வாங்கியதை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டுமே! வீட்டுக்கு வந்தேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"விடுடா! உனக்கு அதுக்கெல்லாம் தகுதி இல்ல. நாலு தடவ எழுதினாலும் ரிஜெக்ட் ரிஜெக்ட்தான்!"

தம்பி ஒன்றும் பேசவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

ஒரே கூரைக்குக் கீழே பேசாமல் இருப்பது இருக்கிறதே, அது தனிக் கலை. இரண்டு பேருக்கும் நடுவில் என் மனைவி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

"அண்ணி, பைக் சாவி வேணும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"ஏங்க, தம்பிக்கு பைக் சாவி வேணுமாம்."

"ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்லு."

மூன்று பேரும் ஒரே அறையில், நாலடி தூரத்தில்தான் இருப்போம். இப்படியே ஒரு வாரம் போயிற்று. எட்டாவது நாள், "நாளையிலேர்ந்து ஒரு கால் போட்டா ஒரு ரூபா" என்று மனைவி கட்டணம் நிர்ணயித்துவிட்டாள்.

ஒரு நாள் ராத்திரி மணி பன்னிரண்டு இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். முன்ரூமில் தம்பி தலைமாட்டில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் மண்டி போட்டு வழுக்கிக்கொண்டே வந்து, கைப்பிடி வைத்த பெரிய கல்லை மெதுவாக நகர்த்திவிடுகிறான். அது பாட்டுக்குப் போகிறது. அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடி ஓடிப் பெருக்குகிறார்கள்! இன்னொருத்தன் எதிர்முனையில் நின்றுகொண்டு "பெருக்கு, பெருக்கு" என்பது போலத் தொண்டை கிழியக் கத்துகிறான்.

என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். "என்னடா இது... அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டு வாசல் பெருக்கறானுங்க?"

தம்பி திரும்பவில்லை. ஆனால் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. "அம்மி இல்ல. கர்லிங்" என்றான்.

ஒன்பது நாளில் முதல் வார்த்தை! விடுவேனா? பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு காலத்தில் கேரம் பைத்தியம் உண்டு. தெருமுனைச் சங்கத்தில் குண்டு பல்புக்குக் கீழே போரிக் பவுடர் கொட்டி, ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறோம். அதனால் தம்பி சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்டுவிட்டது. கர்லிங் என்பது ஒரு மாதிரி ஐஸ் கேரம். நம் ஸ்ட்ரைக்கர் 15 கிராம். அந்தக் கல் கிட்டத்தட்ட 20 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,300 ஸ்ட்ரைக்கரைச் சேர்த்துக் கட்டியதற்குச் சமம். கருங்கல்தான். ஸ்காட்லாந்தில் அய்ல்சா கிரெய்க் என்று ஒரு குட்டித் தீவு, அங்கே கிடைக்கிற கல்லுக்குத்தான் மவுசு. ஆட்டமே அந்த ஊரில் பிறந்ததுதான். 1511 என்று வருஷம் பொறித்த கல் ஒன்றுகூட அங்கே கிடைத்திருக்கிறது.

ஆடுகளம் சுமார் 45 மீட்டர் நீளம். நாம் போர்டில் பவுடர் போடுகிற மாதிரி, அவர்கள் ஐஸ் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய விடுகிறார்கள். வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியாக எழும்பி நிற்கும். கல் அந்த வேர்க்குரு மேல்தான் நழுவுகிறது. துடைப்பத்தால் தேய்த்தால் ஐஸ் லேசாகச் சூடாகி, உராய்வு குறைந்து, கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அதற்குத்தான் அத்தனை ஓட்டம்.

"எங்க போயி நிக்கணும் கல்லு?"

"அந்த வட்டம் தெரியுதில்ல, அதுக்கு நடுவுல. அந்த வட்டத்துக்குப் பேரு வீடு."

ஒரு அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். பதினாறு கல்லும் தள்ளி முடிந்ததும், வீட்டு நடுவுக்கு எந்த அணியின் கல் பக்கத்தில் இருக்கிறதோ அந்த அணிக்குத்தான் பாயின்ட். எதிராளிக்குச் சைபர். இப்படிப் பத்து ரவுண்டு.

இதற்குள் சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்துவிட்டாள். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "ஏங்க... பெருக்கறது பூரா ஆம்பளைங்களா?" என்றாள். குரலில் ஒரு இனம் தெரியாத சந்தோஷம். எனக்கு அடிவயிற்றில் ஐஸ் கட்டியது.

மறுநாள் ராத்திரியும் நான் போய் உட்கார்ந்தேன். கனடாவில் விடிந்தால்தான் நமக்கு ஆட்டம். கெலோனா என்கிற ஊரில், 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்கான கடைசித் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது.

'தகுதி' என்ற வார்த்தையைத் தம்பி சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆட்டத்துக்கு அதுதான் பெயர். ஆனாலும் சுருக்கென்றது.

"அது எப்படிடா இவங்க இதுக்கு வர்றாங்க? கல்லு இருக்கறவன்லாம் வந்துட முடியுமா?" என்று கேட்டு வைத்தேன், பேச்சை வளர்க்க.

தம்பி எழுந்து போய் என் பழைய லெட்ஜர் ஒன்றை எடுத்து வந்தான். பின்பக்கம் பேனாவால் படிக்கட்டு வரைந்தான். பரீட்சைக்குப் படிக்கிறவன் அல்லவா, எல்லாம் பாயின்ட் பாயின்ட்டாக வந்தது.

உலக சாம்பியன்ஷிப் 1959-ல் ஆரம்பித்தபோது இந்தத் தகுதித் தலைவலியே கிடையாது. ஸ்காட்லாந்து, கனடா... இரண்டே அணி. யார் தோற்றாலும் உலகத்தில் இரண்டாவது இடம்! (எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.) அப்புறம் நாடுகள் பெருகின. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் உலக சாம்பியன்ஷிப்பில் 13 அணி. அதில் ஐரோப்பாவுக்கு 8 இடம். மற்ற கண்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து 5. போட்டியை நடத்துகிற நாட்டுக்கு அதிலேயே ஒரு இடம் நிச்சயம்.

"அஞ்சா?" என்றாள் மனைவி. "நம்ம கோயில் கணக்குல்ல?"

எங்கள் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து. கோபுரம் ஐந்து, நந்தி ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து என்று பெரியவர்கள் விரல் மடக்கிச் சொல்வார்கள். கர்லிங்காரர்கள் எங்கள் ஊரைப் பார்த்து வைத்தார்களா, தெரியாது.

அந்த ஐந்து இடத்துக்கு ஆசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் முட்டிமோத ஒரு போட்டி வைத்தார்கள். பான் கான்டினென்டல் என்று பெயர். 2022-ல் கனடாவில் கால்கரி நகரத்தில் தொடங்கியது. அதில் ஏ பிரிவு, பி பிரிவு. கனடா, ஜப்பான், தென் கொரியா மாதிரி பெரிய கைகள் ஏ பிரிவில். சவுதி அரேபியா, கென்யா மாதிரி நாடுகளெல்லாம் பி பிரிவில்.

"கென்யாவா! அங்க ஏதுடா ஐஸு?"

"அண்ணே, இந்தியாவே அந்த பி பிரிவுல ஆடியிருக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்மாட்களும் ஐஸில் கல் தள்ளியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. அதைவிட முக்கியம், தம்பி 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டான்! அவனே அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"பி பிரிவுல முதலா வந்தா அடுத்த வருஷம் ஏ-க்கு ஏறலாம். ஏ-ல கடைசியா வந்தா பி-க்கு இறங்கணும். ஆனா வெளியில போன்னு யாரையும் சொல்ல மாட்டாங்க" என்றான் தம்பி. பேனா அடிப்படியிலேயே நின்றது.

ஒலிம்பிக்குக்கு வேறு கணக்கு. மொத்தம் 10 அணி. போட்டி நடத்துகிற இத்தாலிக்கு ஒன்று. 2024, 2025 உலக சாம்பியன்ஷிப்களில் சேர்த்த பாயின்ட்டை வைத்து ஏழு. மிச்சம் இரண்டே இரண்டு. அந்த இரண்டுக்குத்தான் கெலோனாவில் எட்டு அணி. அந்த எட்டில் ஒன்று பிலிப்பைன்ஸ்.

பிலிப்பைன்ஸ்! நம்மை மாதிரி வேர்வை ஊர். பனி விழுந்தால் பத்திரிகையில் போடுவார்கள். அவர்களும் பி பிரிவில் ஆடியவர்கள்தான். 2025 பிப்ரவரியில் சீனாவில் ஹார்பின் நகரத்தில் ஆசியக் குளிர்கால விளையாட்டு. ஆண்கள் கர்லிங் ஃபைனலில் தென் கொரியாவை 5-3 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கிவிட்டார்கள். அந்த விளையாட்டுகளில் அந்த நாட்டுக்கு அதுதான் முதல் பதக்கம். தம்பி அந்த ஃபைனலின் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினான்.

"பாத்தியா, மனசு வெச்சா மணிலாக்காரனும் ஜெயிக்கறான்!" என்று நான் அண்ணன் ஸ்தானத்திலிருந்து ஒரு புத்திமதி ஆரம்பித்தேன்.

"அப்படி சும்மா சொல்லக் கூடாதுண்ணே. அந்த டீம்ல இருக்கற பிஃபிஸ்டர் அண்ணன் தம்பியெல்லாம் சுவிட்சர்லாந்துக்காகவே ஆடினவங்க. சின்ன வயசுலேர்ந்து ஐஸ்லயே நின்னவங்க. மனசு மட்டும் போதாது. பழகறதுக்கு ஐஸும் வேணும்."

புத்திமதி அந்தரத்தில் நின்றது. ஆனால் அவன் சொன்னது வாஸ்தவம். ஐஸ் இல்லாத ஊரில் பிறந்தவனைப் பார்த்து, "உனக்கு வழுக்கத் தெரியவில்லையே" என்று கேட்பது என்ன நியாயம்? மூன்று தடவையும் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து, இரவல் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினான். கோச்சிங் கிளாஸுக்குப் பணம் கேட்டபோது, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொன்ன மகானுபாவன் யார்? அடியேன்தான்.

நம் ஊரில் ஐஸ் இல்லை. ஆனால் கேரம் போர்டு இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கேரமில் உலகத்துக்கே நாம் அண்ணன். அகில உலக கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில் தொடங்கியதுதான். சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருதும் வாங்கியவர். வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, வட சென்னை ஆட்டோ டிரைவரின் மகள். இவர்கள் யாரும் நேராக ஏரோப்ளேன் ஏறிவிடவில்லை. முதலில் தெருச் சங்கம், அப்புறம் மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி என்று ஒவ்வொரு படியிலும் தோற்றும் ஜெயித்தும் ஏறினவர்கள். படிக்கட்டு ஐஸிலும் ஒன்றுதான், பவுடரிலும் ஒன்றுதான்.

கெலோனா ஆட்டங்கள் முடிந்தன. அந்த இரண்டு இடமும் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் போயிற்று. பிலிப்பைன்ஸுக்கு இல்லை. அந்த எட்டில் ஒன்றாக வருவதற்கே அவர்கள் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்தில் இன்னொரு முன் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்திருந்தார்கள். அவ்வளவு தூரம் வந்து, வாசலில் நின்றுவிட்டார்கள்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆசியாவில் தங்கம் வாங்கினவன், அதே வருஷம் இங்கே இல்லை! "என்னடா இது அநியாயம். அப்ப இவங்களுக்குத் தகுதி இல்லேன்னு அர்த்தமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை!

தம்பி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தத் தடவை இல்லேன்னு அர்த்தம்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை.

எங்கள் கம்பெனியில் சூளையிலிருந்து வருகிற சரக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பிரிக்கிற ஒரு பெரியம்மா உண்டு. சத்தம் 'டிங்' என்றால் ஃபர்ஸ்ட். 'டொக்' என்றால் விரிசல், ரிஜெக்ட். அவரே ஒரு நாள் சொன்னார். "சுட்டது ஒடைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. பச்சை மண்ணு ஒடைஞ்சா தண்ணியில ஊறப் போட்டு, திரும்பப் பிசைஞ்சு, திரும்ப வார்த்துக்கலாம்." இருபத்தாறு வயசுப் பிள்ளையைத் தட்டிப் பார்த்து, 'டொக்' என்று சொல்லிவிட்டேனே நான்! அவன் இன்னும் சூளைக்கே போகவில்லையே!

மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது?

அப்போதுதான் அந்த ரூல் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் முன்பு தம்பி சொன்னது. பெருக்கிக்கொண்டே ஓடும்போது துடைப்பமோ காலோ ஓடுகிற கல்லில் பட்டுவிட்டால் தப்பாட்டம். அம்பயர் பார்த்து விசில் ஊதட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எதிராளி பார்க்கவே இல்லையென்றாலும், தொட்டவனே சொல்ல வேண்டும். இலக்குக்குப் போய்ச் சேருமுன் நடுவழியில் தொட்டிருந்தால் அவர்களே கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அதுதான் அந்த ஆட்டத்தின் மரியாதை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"டேய்... நான் கல்லைத் தொட்டுட்டேன்டா."

தம்பி திரும்பிப் பார்த்தான். "எப்ப?"

"அன்னிக்கு ராத்திரி. நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூரத்தில் ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. தம்பி குனிந்துகொண்டு லெட்ஜரில் அந்தப் படிக்கட்டு மேலேயே பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சரி... கல்லை எடுத்துடு" என்றான்.

நான் எடுத்துவிட்டேன். கோச்சிங் கிளாஸ் பணத்தை மறுநாளே எடுத்து வைத்தேன். அது என் புதுச் செல்போனுக்காகச் சேர்த்த பணம் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊரில் ஆழத்துப் பிள்ளையார் என்று ஒருத்தர் இருக்கிறார். தரைமட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் படி இறங்கித்தான் போக வேண்டும். இறங்கும்போது தம்பி என் காதில், "பி பிரிவுண்ணே" என்றான். சிரிப்பை அடக்க முடியாமல் அர்ச்சகரிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டோம்.

திரும்பி வந்தால், வாசலில் மனைவி நிற்கிறாள். கையில் இரண்டு துடைப்பம்!

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பெருக்குங்க. நான் அந்த முனையில நின்னு கத்தறேன்."

பெருக்கினோம். நடுவில் நின்று கத்துகிற வேலையை அவள் எவ்வளவு பிரமாதமாகச் செய்தாள் என்கிறீர்கள்! இந்தியா தாராளமாகக் கூப்பிடலாம்.

தம்பி நாலாவது தடவை எழுதப்போகிறான். ஆணியில் சாவிக்குப் பக்கத்தில் அவனுடைய டைம் டேபிள் தொங்குகிறது. ரிசல்ட் வரும்போது வரட்டும். பேர் இருந்தால் தெருவுக்கே லட்டு. இல்லாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போதே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

"இந்தத் தடவை இல்ல. அவ்வளவுதான்டா. வா, சாப்பிடலாம்."